கோவர்ட் ஆக்‌ஷன் விளையாட ஒரு பயிற்சிப் புத்தகம் வேண்டும்

பள்ளி விடுமுறைக்கு என் அக்கா மகன் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறிப் பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்திருந்தான். படிவம் நான்கு படிக்கிறவன். இரண்டாவது நாள் பெரிய மழை, இடி. நெட் போய்விட்டது. அரை மணி நேரம் மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான். "மாமா, நெட் இல்லாம விளையாடுற மாதிரி ஏதாவது வச்சிருக்கீங்களா?"

வைத்திருந்தேன். என் பழைய லெப்டாப்பில் கோவர்ட் ஆக்‌ஷன் எப்போதும் இருக்கும். 1990இல் மைக்ரோபுரோஸ் நிறுவனம் வெளியிட்ட உளவு விளையாட்டு அது. அட்டையில் சிட் மையர் பெயர் இருக்கும். அடுத்த ஆண்டே சிவிலைசேஷன் என்ற விளையாட்டைக் கொடுத்து உலகத்தையே ராத்தூக்கம் கெடுத்தவர். திரையைப் பார்த்ததும் பையன் முகம் சுருங்கிவிட்டது. "என்னா மாமா இது, கட்டம் கட்டமா இருக்கு?"

இருக்கும்தான். ஆனால் அன்று இரவு பன்னிரண்டரைக்கு அவனை நான்தான் படுக்கப் போகச் சொல்ல வேண்டியதாயிற்று. அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். இதுவரை இதைத் தொடாதவர்களுக்கும், எப்போதோ தொட்டுப் புரியாமல் விட்டவர்களுக்கும் உதவும்.

விட்டவர்களில் நானும் ஒருத்தன். தொண்ணூறுகளில் டவுனில் ஒரு கடையில் டிஸ்கட்டில் நகல் எடுத்து வாங்கினேன். கையேடு கிடையாது. வீட்டில் ஒரு 386 கம்ப்யூட்டர். ஏதாவது ஒரு கட்டடத்துக்குள் புகுந்து காவலாளிகளைச் சுடுவேன், அடிபட்டு விழுவேன், திரும்பவும் புகுவேன். இரண்டு வருடம் இதைச் சுடுகிற விளையாட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் இது துப்புகளைக் கோத்துப் பார்க்கிற விளையாட்டு. சுடுவது அதில் ஒரு மூலை. இது புரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

என்ன கதை

நீங்கள் மேக்ஸ் ரெமிங்டன். பெண்ணாக விளையாட நினைத்தால் மேக்சின் ரெமிங்டன். அமெரிக்க உளவுத்துறையான சிஐஏவுக்காக வேலை செய்யும் உளவாளி. உலகத்தில் எங்கோ ஒரு சதி நடந்துகொண்டிருக்கிறது. ஆள் கடத்தலாக இருக்கலாம், வெடிகுண்டாக இருக்கலாம். அதில் பல ஊர்களில், பல அமைப்புகளில் இருக்கும் ஆட்கள் ஆளுக்கொரு வேலை செய்கிறார்கள். ஒருத்தன் பணம் அனுப்புவான், ஒருத்தன் பொருள் கொண்டுவருவான், ஒருத்தன் காடி ஓட்டுவான். எல்லாருக்கும் பின்னால் ஒரு சூத்திரதாரி உட்கார்ந்திருப்பான். இப்படிப்பட்ட சூத்திரதாரிகள் மொத்தம் 26 பேர். அத்தனை பேரையும் பிடித்து உள்ளே போடுவதுதான் கடைசி இலக்கு.

சதிகளைக் கணினியே புதிது புதிதாகக் கலைத்துப் போட்டு உருவாக்கும். அதனால் நண்பனிடம் விடை கேட்டு விளையாட முடியாது. கதை நடக்கும் இடங்கள் மத்திய அமெரிக்கா, ஐரோப்பா, மத்திய கிழக்கு என்று மூன்று வட்டாரங்களுக்குள் அடங்கிவிடும். நம் மலேசியா பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. "கேஎல் கூட இல்லையா மாமா?" என்று பையனுக்குக் குறை. சோவியத் யூனியன் கலைவதற்கு முந்தைய ஆண்டு வந்த விளையாட்டு என்பதால் சோவியத் உளவு அமைப்பான கேஜிபி இன்னும் உயிரோடு இருக்கிறது. கேஜிபி என்றால் என்ன என்று அவனுக்கு விளக்குவதற்குள் மழையே விட்டுவிட்டது.

நிறுவுவது

இதில் சிரமம் இல்லை. ஸ்டீம், ஜிஓஜி என்ற இணைய விளையாட்டுக் கடைகளில் சட்டப்படி கிடைக்கிறது. விலை குறைவு, தள்ளுபடி நாட்களில் இன்னும் இறங்கும். இது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து விளையாட்டு, இன்றைய விண்டோஸில் நேராக ஓடாது. டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள் உள்ளே ஒரு பழைய கம்ப்யூட்டர் போல நடித்துக் காட்டும், அதற்குள் ஓடும். வாங்கினால் டாஸ்பாக்ஸ் கூடவே வரும், நீங்கள் தனியாக எதையும் அமைக்கத் தேவையில்லை.

மூன்று நான்கு விசைகளை மட்டும் நினைவில் வையுங்கள். ஆல்ட்டும் எண்டரும் சேர்த்து அழுத்தினால் முழுத்திரை. கண்ட்ரோலும் எஃப்10உம் சேர்த்தால் மாட்டிக்கொண்ட மவுஸ் வெளியே வரும். ஆட்டம் நத்தை போல நகர்ந்தால் கண்ட்ரோல், எஃப்12. பேய் பிடித்தது போல ஓடினால் கண்ட்ரோல், எஃப்11. லெப்டாப்பில் தனி எண்விசைகள் இல்லையென்றால் ஒரு யூஎஸ்பி எண்பலகை வாங்கிக்கொள்வது நல்லது. குறுக்காக நடக்கும்போது அதன் அருமை தெரியும்.

கையேட்டைப் படியுங்கள். இன்றைய விளையாட்டுகள் முதல் பத்து நிமிடம் கைபிடித்து நடத்தும். இது அப்படி இல்லை, நடுரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். நான் இரண்டு வருடம் வீணாக்கியதற்குக் காரணம் அந்தக் கையேடு இல்லாததுதான்.

அப்புறம் ஒரு பயிற்சிப் புத்தகமும் பென்சிலும் எடுத்து வையுங்கள். பள்ளிக்கூடத்துக்கு வாங்கும் சாதாரணக் கோடு போட்ட புத்தகம் போதும். எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

ஆளைத் தயார் செய்வது

உங்கள் உளவாளிக்கு நான்கு திறமைகள் உண்டு: சண்டை, காடி ஓட்டுதல், சங்கேதம் உடைத்தல், மின்னணு வேலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி விளையாட்டு. தொடக்கத்தில் கொஞ்சம் பயிற்சிப் புள்ளிகள் கொடுத்து, எதில் எவ்வளவு வேண்டுமோ போட்டுக்கொள்ளச் சொல்வார்கள்.

புதியவர்கள் நான்கிலும் சமமாகப் போட்டுவிடுவார்கள். வேண்டாம். திறமை கூடினால் அந்தக் குட்டி விளையாட்டு சுலபமாகும், அவ்வளவுதான். எனவே நீங்களே எதில் கெட்டிக்காரரோ அதில் புள்ளி போடாதீர்கள். சொற்புதிர், குறுக்கெழுத்து என்றால் உங்களுக்கு அல்வா சாப்பிடுவது போலவா? சங்கேதத்தில் குறைத்துவிடுங்கள். கை வேகம் இல்லையா? சண்டையில் கூட்டுங்கள். என் கணக்கில் மின்னணுவுக்கும் சண்டைக்கும்தான் முதல் மரியாதை. காடி ஓட்டுவதில் நான் ஒரு புள்ளி கூடச் செலவழிப்பதில்லை. ஏன் என்று அந்த இடம் வரும்போது பார்ப்போம்.

வழக்கை ஆரம்பிப்பதற்கு முன், முதல் பட்டியலிலேயே ஒரு திறமையை மட்டும் தனியாகப் பழகிப் பார்க்கும் வசதி இருக்கிறது. அதில் ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுங்கள். தோற்றாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. கடினத்தைக் கீழ்ப்படியிலேயே வையுங்கள். பையன் முதல் நாளே மேலே ஏற்றினான். எப்படி முடிந்தது என்று அவனிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

சங்கேதம்

எனக்குப் பிடித்தது இது, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுவேன்.

பிடிபட்ட செய்தி ஒன்று திரையில் வரும். ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் பதிலாக வேறொரு எழுத்து உட்கார்ந்திருக்கும். செய்தி முழுக்க அதே மாற்றுத்தான். எந்த எழுத்து எதற்கு நிற்கிறது என்று ஊகித்துப் போட்டுக்கொண்டே போக வேண்டும். நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். திறமை அதிகமிருந்தால் சில எழுத்துகளைத் தொடக்கத்திலேயே உங்களுக்கு நிரப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

எது அதிகம் வருகிறதோ அதைப் பிடி என்று எல்லாரும் சொல்வார்கள். பையன் அதைத்தான் செய்தான். அதிகம் வந்த எழுத்தை எடுத்து 'ஏ' என்று போட்டான். தப்பு. அடுத்த செய்தியிலும் 'ஏ'தான் போட்டான். மறுபடியும் தப்பு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் அந்தக் காலத்தில் நானும் இதையேதான் செய்தேன். மலேசியாவில் வளர்கிற பிள்ளைக்கு ரோமன் எழுத்து என்றாலே பாதி மலாய் மொழிதான். மலாயில் 'ஏ' கொட்டிக் கிடக்கும். ஒரு பெயர்ப்பலகையைப் பாருங்கள், ஒரு விண்ணப்பப் படிவத்தைப் பாருங்கள், எங்கும் 'ஏ'. கண் அதற்கே பழகிவிட்டது. ஆங்கிலத்தில் முதலிடம் 'ஈ'க்கு. அடுத்து 'டி' (T), பிறகுதான் 'ஏ'. இதைப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதி வைக்கச் சொன்னேன்.

ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது. உளவுச் செய்திகள் குட்டியானவை. நூறு எழுத்துகூடத் தேறாத செய்தியில் எண்ணிக்கை ஏமாற்றும். அதனால் சொற்களின் உருவத்தைப் பாருங்கள். ஒற்றை எழுத்துச் சொல் வந்தால் அது 'ஏ' அல்லது 'ஐ', வேறு வழியில்லை. மூன்றெழுத்துச் சொல் ஒன்று இரண்டு மூன்று இடத்தில் வந்து, அதன் கடைசி எழுத்தே செய்தியில் அதிகம் வருவதாகவும் இருந்தால் அது 'தி' (the) என்ற சொல்தான் என்று துணிந்து போடலாம். ஒரே அடியில் 'டி', 'எச்', 'ஈ' மூன்றும் கையில். சொல்லுக்குள் ஒரே எழுத்து அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால் 'எல்', 'எஸ்', 'ஈ', 'ஓ' இவற்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். நீளமான சொற்களின் கடைசி மூன்றெழுத்து ஒரே மாதிரி முடிகிறதா? 'இங்' விகுதியாக இருக்கலாம்.

இதையெல்லாம்விட வேகமான வழி ஒன்று உண்டு. வழக்கு எந்த வட்டாரத்தில் நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். சந்தேகப்படும் அமைப்புகளின் பெயர்களும் தெரியும். இந்தச் செய்திகளில் ஊர்ப் பெயரோ அமைப்பின் பெயரோ தலைகாட்டுவது வழக்கம். பெயரின் நீளத்தையும் அதில் எந்த எழுத்து திரும்ப வருகிறது என்பதையும் வைத்துப் பொருத்திப் பாருங்கள். ஊர்ப் பெயர் ஒன்று பொருந்திவிட்டால் ஐந்தாறு எழுத்து ஒரேயடியாகக் கிடைத்துவிடும். பள்ளியில் நாம் ஒருவருக்கொருவர் 'க' பாஷையில் பேசிக்கொள்ளும்போது வாத்தியார் கண்டுபிடித்ததும் இப்படித்தான்: நம் பெயர்கள் அவருக்குத் தெரியும், அது எங்கே வருகிறது என்று மட்டும் பார்த்திருப்பார்.

எல்லா எழுத்தையும் கண்டுபிடித்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். நேரம் முடிந்தாலும் உடைத்த வரைக்கும் உங்கள் கண்முன் இருக்கிறது. யார், எங்கே, என்ன. இந்த மூன்றும் படிக்க முடிந்தால் போதும்.

ஒட்டுக்கேட்பு

மின்னணுத் திறமைக்கான குட்டி விளையாட்டு இது, சில்லுகளை மாற்றி அடுக்கும் புதிர். ஒரு மின்சுற்றுப் பலகை. அதில் பலவிதப் பாதைகள் கொண்ட சில்லுகள், தொலைபேசிகள், அலாரங்கள். இரண்டு சில்லுகளை இடம் மாற்றி மாற்றித் தொலைபேசித் தடங்களை வசப்படுத்த வேண்டும். மின்சாரம் அலாரத்தைத் தொட்டால் அவ்வளவுதான், உள்ளே இருப்பவர்கள் உஷாராகிவிடுவார்கள்.

புதியவர்கள் சறுக்குவது ஒரே இடத்தில். ஒரு சில்லை எடுத்து இன்னொரு இடத்தில் வைக்கும்போது, போய்ச் சேரும் இடத்தை மட்டும் பார்ப்பார்கள். எடுத்த இடத்தில் என்ன வந்து உட்கார்ந்தது என்று பார்க்க மாட்டார்கள். இடமாற்றம் என்றால் இரண்டு இடமும் மாறும். அலாரம் அடிப்பது பெரும்பாலும் அந்தப் பார்க்காத இடத்தில்தான். எனவே எதையும் தொடுமுன் அலாரத்திலிருந்து பின்னோக்கிப் பாதையை விரலால் தடவிக்கொண்டு வாருங்கள். மின்சாரத்தை அலாரத்துக்குக் கொண்டுபோகக்கூடிய சில்லுகள் எவை என்று தெரிந்துகொண்டு அவற்றை விட்டுவிட்டு மற்றதில் கை வையுங்கள்.

ஒரு கட்டடத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாதபோது முதலில் இதைத்தான் செய்ய வேண்டும். உள்ளே புகுவதைவிட இதில் ஆபத்து குறைவு, செலவாகும் உங்கள் நேரமும் குறைவு.

காடி

மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் சந்தேகப்பட்டவனின் காடியைப் பின்தொடர வேண்டும். ரொம்ப ஒட்டினால் கண்டுகொள்வான், ரொம்பப் பின்தங்கினால் தொலைத்துவிடுவீர்கள். சனிக்கிழமை மாலை கர்னி டிரைவ் ஜாமில் முன்னால் போகும் சொந்தக்காரர் காடியைப் பின்பற்றிப் போனவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. அலுப்பான பகுதி. இதில் கிடைக்கும் தகவல் பெரும்பாலும் வேறு வழியிலும் கிடைத்துவிடும். அதனால்தான் புள்ளி போட வேண்டாம் என்றேன். வேறு துப்பே இல்லை என்றால் மட்டும் போங்கள்.

உள்ளே புகுவது, சீக்கிரம் வெளியே வருவது

கட்டடத்துக்குள் புகுவதுதான் விளையாட்டின் பெரிய துண்டு. கண் கவர்வதும் இதுதான், கெடுப்பதும் இதுதான்.

புகுவதற்கு முன் என்னென்ன கொண்டுபோவது என்று தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். துப்பாக்கி, கையெறி குண்டு வகைகள், குண்டு துளைக்காத உடுப்பு, வாயு முகமூடி, கேமரா, ஒட்டுக்கேட்க ஒளித்துவைக்கும் 'பூச்சி' என்ற குட்டிக் கருவி இப்படி. எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போக முடியாது. முதலில் கேமரா. அது இல்லாமல் உள்ளே போவது பை இல்லாமல் சந்தைக்குப் போவது மாதிரி. அடுத்து பூச்சிகள். ஆயுதம் அதற்கப்புறம்.

உள்ளே மேசை, அலமாரி, பெட்டகம் எல்லாவற்றையும் திறந்து பார்க்கலாம். கிடைக்கும் ஆவணத்தைப் படம் பிடிக்க வேண்டும். சில இழுப்பறைகளில் பொறி வைத்திருப்பார்கள் என்பதால் காவலாளி துரத்தும்போது அவசரப்பட்டு எதையும் திறக்காதீர்கள். சந்தேகப்பட்டவனே உள்ளே இருந்தால் பிடிக்கவும் முடியும். அடிபட்டு விழுந்து அவர்கள் கையில் சிக்கினால் நாட்கள் வீணாகும். அதற்குள் சதி நகர்ந்துவிடும்.

பையன் முதல் முறை ஒரு கட்டடத்துக்குள் புகுந்து, ஒவ்வொரு அறையாக, ஒவ்வொரு மேசையாகத் திறந்து, இருபது நிமிடம் கழித்து வியர்வையோடு வெளியே வந்தான். முகமெல்லாம் வெற்றிக் களை.

"எதுக்கு உள்ள போன?" என்று கேட்டேன்.

யோசித்தான். "யாரோ ஒருத்தன் காசு அனுப்புனான்ல மாமா... இல்ல, அது வேற ஊரா?"

மறந்தே போய்விட்டது. அது அவன் தப்பில்லை. இந்த விளையாட்டின் ஊனமே அதுதான். சிட் மையர் பிற்காலத்தில் தானே இதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். கட்டடத்துக்குள் நடக்கும் சண்டை அத்தனை நேரம் பிடித்து அத்தனை கவனத்தையும் உறிஞ்சிக்கொள்வதால், வெளியே வரும்போது வழக்கு என்னவென்றே விளையாடுபவருக்கு நினைவில் இருப்பதில்லை என்று. இரண்டு பிரமாதமான விளையாட்டுகளை ஒன்றாகத் திணிப்பதைவிட ஒரு நல்ல விளையாட்டு மேல் என்பது அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடம். விளையாட்டு வடிவமைப்பாளர்கள் மத்தியில் இதற்குக் கோவர்ட் ஆக்‌ஷன் விதி என்றே பெயர் வந்துவிட்டது. தோற்றுப்போன இடம் என்று செய்தவரே கைகாட்டும் விளையாட்டு வேறு எத்தனை இருக்கிறதோ.

நான் அவரோடு முழுக்க ஒத்துப்போக மாட்டேன். ஊனம் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. ஒன்று, உள்ளே போகுமுன் எதைத் தேடிப் போகிறோம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போவது. கிடைத்ததும் வெளியே வந்துவிட வேண்டும், மீதி மேசைகள் கிடக்கட்டும். இன்னொன்று, அந்த ஒரு வரியை எழுதும் புத்தகம்.

புத்தகம்

விளையாட்டு தன் பங்குக்கு ஆட்கள், அமைப்புகள், ஊர்கள் பற்றிய கோப்புகளை வைத்திருக்கும். எப்போது வேண்டுமானாலும் புரட்டலாம். பிறகு எதற்குத் தனிப் புத்தகம்? கோப்பு இருப்பதைச் சொல்லும், இல்லாததைச் சொல்லாது. இந்த விளையாட்டில் இல்லாததுதான் முக்கியம்.

நாங்கள் வைத்துக்கொண்ட முறை இது. ஒரு சதிக்கு இரண்டு பக்கம், எதிர் எதிராக. இடப்பக்கம் ஆட்கள். தெரிந்த ஆள் ஒவ்வொருத்தனுக்கும் ஒரு பெட்டி. பெட்டிக்குள் பெயர், ஊர், அமைப்பு, அவன் செய்யும் வேலை. ஒரு துப்பு கிடைத்தாலே பெட்டி போட்டுவிட வேண்டும், பெயர் தெரியாவிட்டாலும். முகம் மட்டும் தெரியும், ஊர் தெரியாது என்றால் ஊருக்கு நேராகக் கேள்விக்குறி. யாரிடமிருந்து யாருக்கு என்ன போனது என்று பெட்டிகளுக்கு நடுவில் அம்புக்குறி. வலப்பக்கம் நாள்வரிசை: என்ன தேதி, என்ன நடந்தது, எந்த வழியில் தெரிந்தது.

நான்கைந்து துப்பு சேர்ந்ததும் ஒரு வேடிக்கை நடக்கும். முதல் வழக்கில் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ஊரில் ஒருத்தன் பணத்தை அனுப்புகிறான், அம்பு கிளம்புகிறது. இன்னொரு ஊரில் ஓட்டுநர் ஒருத்தன் பொருளுக்காகக் காத்திருக்கிறான், அம்பு வந்து சேர்கிறது. நடுவில் பணத்தை வாங்கிப் பொருளாக மாற்றிய ஒருத்தன் இருந்தாக வேண்டும். அவனைப் பற்றி ஒரு துப்பும் கிடைக்கவில்லை. விளையாட்டின் கோப்பில் அவன் பெயரே இல்லை. ஆனால் புத்தகத்தில் இரண்டு அம்புகளுக்கு நடுவில் வெற்றிடமாகத் தெரிந்தான். பையன் பென்சிலால் அங்கே ஒரு வெற்றுப் பெட்டி வரைந்தான். அதன் பிறகு எந்த ஊருக்குப் போவது, எந்தக் கட்டடத்தின் தொலைபேசியைக் கேட்பது என்று அந்த வெற்றுப் பெட்டிதான் எங்களை நடத்தியது.

இன்னொரு பழக்கம்: ஒரே வழியில் மட்டும் தெரிந்த தகவலைப் பென்சிலால் எழுதுங்கள், இரண்டாவது வழியிலும் உறுதியானால் பேனாவால் மேலே ஓட்டுங்கள். பென்சில் பெட்டியை நம்பி விமானம் ஏறி மூன்று நாளை வீணாக்கிய பிறகுதான் எங்களுக்கு இந்தப் புத்தி வந்தது.

பிடிப்பதா, வளைப்பதா

ஆளைக் கண்டுபிடித்ததும் கை துறுதுறுக்கும். பொறுங்கள். ஒருத்தனைப் பிடித்தால் மற்றவர்கள் பதுங்கக்கூடும். சதியில் ஆள் குறைந்து நின்றுபோகும், ஆனால் மேலே இருப்பவன் தப்பிவிடுவான். நிறைய ஆதாரம் சேர்ந்த ஆளை இன்னொரு வழியிலும் பயன்படுத்தலாம்: இரட்டை உளவாளியாக உங்கள் பக்கம் திருப்பிக்கொள்வது. சூத்திரதாரியை நெருங்க இது பெரிய உதவி. யாரைத் திருப்புவது? புத்தகத்தில் எந்தப் பெட்டியில் அதிக அம்புகள் வந்து போகின்றனவோ அவனை. ஓரமாக ஒற்றை அம்போடு இருப்பவனைப் பிடித்துப் போட்டுவிடலாம், அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆனால் ரொம்பவும் பொறுத்தால் குண்டு வெடித்துவிடும், கடத்தப்பட்டவர் கதி அதோகதியாகிவிடும். வலப்பக்க நாள்வரிசை இதற்குத்தான். நிகழ்வுகளுக்கு இடையே நாட்கள் குறைந்துகொண்டே வந்தால் சதி முற்றுகிறது என்று பொருள். அப்போது சூத்திரதாரி ஆசையை ஒதுக்கிவிட்டு ஓட்டுநரைப் பிடியுங்கள். முதல் வழக்கில் சூத்திரதாரி கிடைக்காமல் போனால் பரவாயில்லை. முதல் சூத்திரதாரியைப் பிடிக்க எனக்கு எத்தனை வழக்கு ஆயிற்று என்று சொன்னால் பையன் மரியாதை குறைத்துவிடுவான், விடுங்கள்.

பெரிய முடிவு எடுக்குமுன் ஆட்டத்தைச் சேமித்துவையுங்கள். அது திருட்டாட்டம் என்று சிலர் சொல்வார்கள். நாளை காலை வேலைக்குப் போக வேண்டியவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

விடுமுறை முடிந்து பையன் போய்விட்டான். விளையாட்டை அவன் லெப்டாப்பில் வாங்கிப் போட்டுக் கொடுத்தேன், புத்தகத்தையும் அவனே தூக்கிக்கொண்டு போய்விட்டான். போன வாரம் ஃபெரியிலிருந்து ஒரு வாட்சப் படம் வந்தது. புத்தகத்தின் ஒரு பக்கம், காற்றில் பாதி மடங்கியிருந்தது. ஏழு பெட்டிகள், அம்புகள், நடுவில் ஒரு வெற்றுப் பெட்டியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். கீழே, "இவன் யார்னு நெனைக்கிறீங்க மாமா?"

இதுவரை இரண்டு சூத்திரதாரிகளைப் பிடித்திருக்கிறோம். 24 பேர் பாக்கி. அந்தப் புத்தகத்தில் நான்கு பக்கம்தான் மிச்சம் இருக்கிறதாம். அடுத்த முறை வரும்போது தடிமனாக ஒன்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.